பெட்டிக்குள் பத்து நிமிடம்

மாத்திரை அட்டை முழுசாக இருந்தது.

அக்காவின் சமையலறை அலமாரியில் கத்தரிக்கோலைத் தேடப் போன தங்கையின் கையில் அதுதான் அகப்பட்டது. பதினான்கு குமிழிகள். ஒன்றுகூட உடைபடவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன் அவளே வாங்கி, தேதி எழுதி வைத்துவிட்டுப் போன அட்டை. அக்காவின் இதயத்தில் செயற்கை வால்வு வைத்து மூன்று வருடமாகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. விட்டால் எந்த நிமிடம் வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

கேட்டபோது அக்கா அமைதியாகச் சொன்னாள்: "அவர்தான் வேணாம்னாரு."

அத்தான் இறந்து ஏழு மாதம். தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் அவள் குரல்காரரிடம் போய்ச் சேர்ந்தாள். இறந்தவர்கள் பேசுவது தன் காதில் விழும் என்று சொல்லிக்கொள்கிற மனிதர். முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவராம். அவர் வாயால் அத்தான் முதலில் அழ வேண்டாம் என்றார், பிறகு நன்றாகச் சாப்பிடு என்றார், கடைசியில் மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்.

தங்கை சண்டை போடவில்லை. ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. "ஊர்ல இருக்குற காதெல்லாம் பாக்குறே, நான் சொல்றது மட்டும் உன் காதுல ஏறாது" என்பாள் அக்கா. காது கேட்கிறதென்று சொல்லி ஏமாற்றுகிறவர்களையும், கேட்கவில்லையென்று சொல்லி ஏமாற்றுகிறவர்களையும் பதினோரு வருடமாகப் பார்த்தாகிவிட்டது. இறந்தவர் குரல் கேட்கிற காதையும் சோதித்துவிட்டால் போயிற்று. குரல்காரரைத் தேடிப் போய், அக்காவை வைத்துக்கொண்டே அழைத்தாள். அரை மணி நேரம் என் அறையில் உட்காருங்கள், அங்கேயும் அத்தான் பேசினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றாள். அக்கா முகத்தைப் பார்த்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் போனார்கள். மருத்துவமனையின் அந்தப் பகுதி மூடிக்கிடந்தது. கழுவித் துடைத்த தரையின் மருந்து நெடி மட்டும் நடைவழியெங்கும் தேங்கி நிற்க, ஏசியின் உறுமலுக்கு அடியில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்க, அவள் சாவிக்கொத்தின் சத்தம் சுவருக்குச் சுவர் தாவி முன்னால் ஓடியது. உள்ளறையின் மூலையில் நின்றது பெட்டி. சோதனை அறையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆறடிக்கு ஆறடி. ஒரு சாண் தடிமனான இரும்புச் சுவர்கள், உள்ளே சாம்பல் நிறத் துணி போர்த்திய பஞ்சு மெத்தை, ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு மைக். வெளியே அமர்ந்திருப்பவரைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்திவிட்டால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் உள்ளே தெரியாது.

குரல்காரர் உள்ளே போய் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவள் கதவைச் சாத்தினாள். பிறகு தன் பக்கத்து விளக்கை அணைத்தாள். அவரால் இனி இவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் திட்டமே அதுதான்.

சாவதற்கு முதல் நாள் அத்தான் அவளுக்குப் போன் செய்திருந்தார். அதில் என்ன சொன்னார் என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் கேட்டாள்.

ஸ்பீக்கரில் அவர் குரல் கனிந்து வந்தது. தண்ணீர் சம்பந்தமாக ஏதோ தெரிகிறது என்றார். நிறுத்தினார். பயணமாக இருக்கலாம் என்றார். நிறுத்தினார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இருட்டுக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். அவள் அக்காவின் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு, வீடு, குழந்தை, மன்னிப்பு என்று நூல் விட்டுக்கொண்டே போன குரல் ஒரு கட்டத்தில் அறுந்தது. ஐந்து நிமிடம் பேச்சில்லை. பெட்டியின் அமைதி அப்படித்தான். பழக்கமில்லாதவர்களை அது பிழிந்துவிடும்.

"முகம் தெரியலம்மா" என்றார் கடைசியில். குரலில் கனிவெல்லாம் வடிந்துபோயிருந்தது. "எனக்கு எதுவும் கேக்கல. என்னைக்கும் கேட்டதில்ல. வந்தவங்க முகத்தப் பாத்து, அவங்களுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லுவேன். மாத்திரை போட்டா குமட்டுதுன்னு உங்க அக்கா சொன்னாங்க. அதான் வேணாம்னேன்."

அக்கா அழவில்லை. இருட்டில் கையை நீட்டினாள். மாத்திரை அட்டையை அந்தக் கையில் வைத்தபோது, ஜெயித்துவிட்டோம் என்று தங்கைக்குத் தோன்றியது. விளக்கைப் போடப் போனாள்.

"கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றது ஸ்பீக்கர்.

அவள் பேசவில்லை. அவள் பக்கத்து மைக்கே அணைந்திருந்தது. பொத்தானை அழுத்தி, யாரும் பேசவில்லை என்றாள். ஹெட்போனில் இரைச்சல் இருந்தால் கழற்றிவிடுங்கள் என்றாள்.

"கழட்டி ரொம்ப நேரமாச்சு."

விளக்கைப் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஹெட்போன் தரையில் கிடந்தது. அவர் நாற்காலியில் இல்லை. சுவரோடு சுவராக நின்று, காலி நாற்காலிக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.  அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அதற்குள் அவர் கைப்பிடியைத் திருகித் தோளால் கதவை இடித்துத் திறந்து வெளியே வந்துவிட்டார். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இதுவும் நாடகம் என்று அவள் சொன்னாள். பிடிபட்டவன் தப்பிக்கப் போடுகிற நாடகம்.

"பதினாறு வருஷமா பொய் சொல்றேன்" என்றார் அவர், வெளியே கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "பொய் சொல்றவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். என் முகத்தப் பாருங்க."

பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அக்காவின் விரல்கள் மாத்திரை அட்டை மேல் நின்றுவிட்டன. முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பி வந்துகொண்டிருந்தது. "அவரா?" என்றாள்.

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் இல்ல. அது பேசல. மூச்சு மட்டும் விடுது." சற்று நிறுத்திச் சொன்னார்: "அது மனுசங்க மூச்சே இல்ல."

அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் மூச்சு எனக்குத் தெரியும், நான் உள்ளே போகிறேன் என்று எழுந்தாள். அவள் அக்காவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.  பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் இருந்தது. இத்தனை தூரம் இழுத்து வந்த அக்காவை ஒரு மூச்சுச் சத்தத்துக்கு விட்டுக்கொடுப்பதா?

"நான் போய் பத்து நிமிஷம் உக்காந்துட்டு வரேன். ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னா நீ மாத்திரை போடணும். அப்புறம் நேரா டாக்டர்கிட்ட. சரியா?"

"நீ பொய் சொல்ல மாட்டே" என்றாள் அக்கா. "சரி."

கதவைச் சாத்தாதீர்கள் என்று குரல்காரர் கெஞ்சினார். அவள் உள்ளே போய்ச் சாத்தினாள்.

பெட்டிக்குள் என்ன கேட்கும் என்று அவளுக்கு மனப்பாடம். வெளியுலகம் நின்றதும் உடம்பு பேச ஆரம்பிக்கும். காதுக்குள் ரத்தம் ஓடுகிற சீறல், கழுத்தைத் திருப்பினால் எலும்பு நெறிபடுவது, எச்சில் விழுங்கினால் பக்கத்தில் கல் விழுந்ததுபோல் ஒரு சத்தம், இவற்றுக்கெல்லாம் கீழே அலுக்காமல் தட்டிக்கொண்டிருக்கும் நெஞ்சு. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணினாள். இது ரத்தம். இது எலும்பு. இது நான். வியர்வையும் பழைய பஞ்சும் கலந்த வாடை. அது அவர் விட்டுப்போனது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா, ஏசிக் குளிரில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

நான்கு நிமிடம்.

இன்னொரு மூச்சு இருந்தது.

தன் மூச்சின் எதிரொலி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த அறையில் எதிரொலி கிடையாது. அதற்காகத்தான் இந்தப் பஞ்சு. அது மெதுவாக உள்ளே போனது. நெடுநேரம் போனது. எந்த நெஞ்சிலும் அவ்வளவு இடம் இருக்காது. பிறகு வெளியே வந்தது. இடது தோளுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அக்கா பார்ப்பாள்.

"நான் நம்பல" என்றாள், உதடு அசையாமல்.

மூச்சு நின்றது. அது காது கொடுத்துக் கேட்கிறது.

ஏழு நிமிடம். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். முகம் மட்டும் ஆடக் கூடாது. முகத்தைத்தான் அக்கா படித்துக்கொண்டிருக்கிறாள். எட்டு. கழுத்து மயிர் ஈரக் காற்றில் அசைந்தது. ஒன்பது. பத்து.

எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டி, கையை விரித்துக் காட்டினாள். ஒண்ணும் இல்ல.

அக்கா அவளையே பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு குமிழியை உடைத்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, கண்ணை மூடிக் குடித்தாள்.

போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கைப்பிடியில் கை வைத்தாள். வெளிக்குளிரில் சில்லிட்டிருந்த கண்ணாடியில் அவள் வாய்க்கு நேரே ஒரு சின்ன வெள்ளைப் புகைவட்டம். அவள் மூச்சு. அதை அடக்கினாள். வட்டம் சுருங்கியது. மறைந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இரண்டு உள்ளங்கை விரித்த அகலம். அது சுருங்கவில்லை. விரிந்தது. குறுகியது. விரிந்தது.

ஒவ்வொரு முறையும் ஒரு விரல்கடை அவள் பக்கமாக.