பதினாறு குதிரைகளும் ஒரு நத்தையும்

மாக்டபுர்க் நகரத்துப் பள்ளி ஒன்றின் முற்றத்தில் பதினாறு குதிரைகள் நின்றன. எல்லாமே நான்காம் வகுப்புப் பிள்ளைகள்; தலையில் காகிதக் காதுகள். ஃபென்யா இடப்பக்கத்தில் எட்டாவது குதிரை.

நடுவே, பெரிய பூசணிக்காய் அளவில் ஒரு செம்பு உருண்டை. இரண்டு கிண்ணங்களை, விளிம்பில் மசகு தடவி, வாயோடு வாய் சேர்த்து வைத்ததுதான் அது. ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு காலத்தில் அந்த ஊர் மேயராக இருந்த ஓட்டோ ஃபொன் கெரிக்கே இப்படி ஒன்றைச் செய்து, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார்; அப்படியும் அது பிரியவில்லை. ஊர் இன்னும் அதைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை. நாளை பள்ளி விழாவில் அதுதான் நாடகம்.

ஆசிரியை ப்ரைட்லிங் உருண்டையிலிருந்து பாதிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அதில் பொருத்தியிருந்த குழாயின் திருகை மூடினார். திருகின் கைப்பிடி உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் முதல் வகுப்பு ஓலே ஓடி வந்தான். அவனுடைய நத்தையைக் காணோம். வெயில் படக்கூடாதென்று, கழுவிக் கவிழ்த்திருந்த ஈரக் கிண்ணத்துக்குள் விட்டிருந்தானாம். அந்தக் கிண்ணம்தான் இப்போது உருண்டையின் ஒரு பாதி.

"மின்னலுக்கு மூச்சு முட்டும்," என்றான். மின்னல் என்பது நத்தையின் பெயர்.

பதினாறு பேரும் இழுத்தார்கள். ஆசிரியையும் சேர்ந்து இழுத்தார். காகிதக் காதுகள் பறந்தன. உருண்டை பிரியவில்லை.

ஃபென்யா கயிற்றை விட்டாள்.

"பாருங்கடா, குதிரை பாதியில நின்னு யோசிக்குது," என்றான் முன்னால் நின்ற த்யார்க்.

அவள் யோசிக்கத்தான் செய்தாள். இதை இறுக்கிப் பிடித்திருப்பது யார்? உள்ளே காற்று குறைவு. வெளிக்காற்றோ எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. உள்ளேயும் அதே அளவு காற்று இருந்தால், அது வெளிப்புறமாகத் தள்ளும். இரண்டும் சரிக்குச் சரி. அப்புறம் பிடித்துக்கொள்ள ஆளே இல்லையே.

கைப்பிடி உடைந்த இடத்தில் சின்னச் சதுர முளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் வீட்டு ஹீட்டரிலும் அதே போன்ற முளை உண்டு. அதைத் திருக ஒரு சாவியும் உண்டு.

அவள் பள்ளிக் காவலர் ஸ்டூபேயின் அறைக்கு ஓடினாள்.

"ஹீட்டர் சாவி வேணுங்க."

"ஜூன் மாசத்துலயா?"

"நத்தைக்குங்க."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

சாவி பொருந்தியது. ஃபென்யா கால் சுற்றுத் திருப்பினாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. சத்தம் அடங்கியதும் ஓலே மேல் கிண்ணத்தைத் தூக்கினான். தொப்பியைக் கழற்றுவதுபோல் அது கையோடு வந்தது.

நத்தை ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது. ஃபென்யா இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். வெகுநேரம் கழித்து ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. ஓலே மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

த்யார்க்குக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "இவ்வளவு சுலபம்னா, அந்த மேயர் எதுக்குக் குதிரைங்களைக் கூப்பிட்டாரு?"

"இழுத்தா வராதுன்னு காட்டத்தான்," என்றாள் ஃபென்யா.

த்யார்க் கொஞ்சம் யோசித்தான். சரிந்து கிடந்த காதை நிமிர்த்தி விட்டுக்கொண்டான்.

"அப்போ நாம ரொம்ப நல்ல குதிரைங்கதான்."