தூளியை விலக்கிய விரல்

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அன்புச்செல்வி கவனித்தாள்: வலது கட்டைவிரல் தட்டின் ஓரத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. கையில் போன் இல்லை. காலையில் ஆலங்குடி பஸ் ஏறும்போதே கணவன் சார்லஸ் அதை எடுத்துப் போய்விட்டான். அவள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறு மாதக் குழந்தை இனியா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

"ஒரு நாளு இது இல்லாம இருந்து காமி. பிள்ளைய ஒன்னய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தான்.

தப்புத்தான். பால் கொடுக்கும்போது கண் அசராமல் இருக்கத்தான் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்பது வீடியோ சப்பென்று இருக்கும், பத்தாவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். எது பத்தாவது என்று தெரியாததால் விரல் நிற்கவே இல்லை. போகப்போகச் சிரிப்பும் வருவதில்லை. தள்ளுவது மட்டும் மிஞ்சியது.

வெளியே முந்திரித் தோப்பு மதிய வெயிலில் அசையாமல் நிற்க, உள்ளே ஓட்டுச் சூடும் பால் புளித்த வாடையும் கலந்து மூச்சை முட்ட, கால்விரலில் கட்டியிருந்த கயிற்றை அவள் இழுக்கும்போதெல்லாம் இனியா தூங்கிய சேலைத் தூளி உத்தரத்தில் உராய்ந்து கிறீச் கிறீச்சென்றது. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்க் கை கழுவி வந்து, நைட்டிமேல் கிடந்த துண்டில் கட்டைவிரலை இறுக்கிச் சுற்றினாள். துணிக்குள்ளும் அது அசைந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

இனியா வீரிட்டாள். அன்புச்செல்வி துண்டை உதறிவிட்டு ஓடி, தூளியை விலக்கி, தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினாள். விரல் குழந்தையின் நெற்றியைத் தொட்டு மேலே தள்ளியது.

அழுகை நின்றது. குழந்தை சிரித்தது.

அது இனியா இல்லை.

சட்டை அதேதான். மூக்கு வேறு. கண் வேறு. விரலைக் கீழ்நோக்கி இழுத்தாள். மாறவில்லை. மேலே தள்ளினாள். வேறு ஒரு குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. தள்ளினாள். கத்தியது. தள்ளினாள். இனியா அடுத்ததில் இருப்பாள். அடுத்ததில்.

பக்கத்து வீட்டு மருதாயி வாசலில் நின்று, பிள்ளை இம்புட்டு நேரமாகக் கத்துகிறதே, தூக்கவில்லையா என்று கேட்டாள்.

அன்புச்செல்வி திரும்பவில்லை. இப்போது கடந்துபோன முகம் இனியாவுடையதுதான். பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். விரல் அதற்குள் தள்ளிவிட்டிருந்தது.

"இந்தா தூக்குறேங்க்கா" என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு."