குப்புறக் கிடந்த சின்னப் பொம்மை

காலை 7.40. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் ஒரு பொம்மை அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

8.15. எஸ்.ஐ. கௌரி அந்த மலைப் பங்களாவுக்கு வந்து பார்த்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை பிரிஸ்கில்லா அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தார். போனது பீங்கான் முகம் கொண்ட ஜெர்மன் பொம்மை, நூறு வயதுக்கு மேல். சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானி அவருடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதில் பிடித்த பைத்தியம், இப்போது அலமாரி நிறையப் பழைய பொம்மைகள். மறுநாள் சேலத்திலிருந்து பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருவதாக இருந்தது.

திருடியது முத்தாயிதான் என்று பிரிஸ்கில்லா முடிவே கட்டிவிட்டார். மஞ்சக்குட்டை கிராமத்திலிருந்து ஷேர் ஜீப்பில் வந்து வீடு கூட்டுகிறவர். அவர் பையைக் கொட்டிப் பார்த்தும் ஒன்றுமில்லை. ஆனாலும் திருடி என்ற பேர் விழுந்தால் மலையில் எந்தப் பங்களாவிலும் வாசலேற்ற மாட்டார்கள். முத்தாயி சுவரோடு சுவராக நின்றார்.

மேசைமேல் ஒரு சின்னப் பொம்மை, மடித்த துண்டின்மேல் குப்புறக் கிடந்தது.

"இது?" என்று கேட்டார் கௌரி.

"பெரிசுக்கு முன்னால நின்னது. வழியில இருக்குன்னு எடுத்து வெச்சிருக்கா. நான் எதையும் தொடலை" என்றார் பிரிஸ்கில்லா.

அலமாரிச் சாவி சமையல்கட்டு ஆணியில் தொங்கும். எட்டி எடுக்கக்கூடியவர்கள் மூவர்: பிரிஸ்கில்லா, முத்தாயி, அக்காவுக்கு இருபது வருடமாகச் சமைத்துப் போடும் தங்கை சாரா.

"கூட்டறதோட செரிங்க. கதவைத் தொறந்ததில்லீங்க" என்றார் முத்தாயி.

"அக்கா பொம்மைங்க பக்கமே நான் போறதில்லைங்க" என்றார் சாரா.

8.50. கௌரி பிரிஸ்கில்லாவைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போய், பொம்மையை எப்படிப் படுக்க வைப்பார் என்று கேட்டார்.

"குப்புறத்தான். மல்லாக்கப் போட்டா கண்ணுக்குப் பின்னால இருக்கற ஈயக்கட்டி இழுத்து, கண்ணு உள்ள விழுந்துரும். பழசு சேக்கறவங்க எல்லாருக்கும் தெரியுமே."

9.05. கௌரி ஓர் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, மேசைமேல் இருந்த துண்டை அதில் விரித்தார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், சின்னதை உள்ளே வையுங்கள் என்று முத்தாயியிடம் கொடுத்தார். முத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்தினார். கௌரி அதை வெளியே எடுத்து, வேறொரு பொம்மையைச் சாராவிடம் நீட்டினார். சாராவின் இடது உள்ளங்கை தானாகப் பொம்மையின் நெற்றிக்குப் போனது. முகம் அழுந்தாமல் துண்டில் குழி செய்து, குப்புற வைத்தார். பிறகு அந்தக் கை அப்படியே நின்றது.

"டீச்சர், உங்க கை வெக்கற மாதிரியே இருந்ததால அது உங்க கண்ணுக்குப் படலை" என்றார் கௌரி. "பழக்கமில்லாத கை மல்லாக்கத்தான் போடும். பொம்மைங்க பக்கமே போறதில்லைன்னு சொன்னவங்க கைக்கு இவ்வளவு பழக்கம் ஏதுங்க?"

சாரா அக்காவைத்தான் பார்த்தார்.

"நீ சர்ச்சுல பாட கொயருக்குப் போற சனிக்கிழமையெல்லாம் அது என் மடியிலதான் இருக்கும். அம்மா ரெண்டு பேருக்கும்னுதான் குடுத்தாங்க. நாளைக்குப் போட்டோவுக்கு நீ நிக்கற. என்னை, வர்றவங்களுக்குச் சட்னி அரைச்சு வைங்கற."

சாராவின் டிரங்குப்பெட்டியில், அவரே தைத்த புது ஊதாக் கவுனோடு பொம்மை கிடைத்தது. கவுனின் ஓரத்தையல் எறும்பு வரிசை போல அத்தனை நுணுக்கம். பிரிஸ்கில்லா அதை அப்போதே கழற்றினார்.

9.40. குடும்ப விஷயம், புகார் வேண்டாம் என்றார் பிரிஸ்கில்லா. முத்தாயியைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

முத்தாயி நகரவில்லை. "ஏனுங்க அம்மிணி, நான் எடுக்கலைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. டீச்சரம்மா கையெழுத்தும் வேணுங்க."

கௌரி நாலு வரி எழுதி நீட்டினார். பிரிஸ்கில்லா பேனாவை வெகுநேரம் பிடித்திருந்துவிட்டுக் கையெழுத்திட்டார். முத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. அக்கா, தங்கை இருவர் முன்னாலும் கௌரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இன்னொருக்கா படிங்க" என்றார். "எம்பேரு வர்ற எடத்தை மட்டும்."