காலி இருக்கை

விமானத்தின் கண்ணாடிக் கூட்டில் ஆவி படிந்திருந்தது. முத்துகிருஷ்ணன் துணியால் துடைத்தான். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

சக்கரத்துக்குப் பதில் மிதவை வைத்த ஜப்பான் போர் விமானத்தின் மாதிரி அது, ஒரு சாண் நீளம். யுத்த காலத்தில் இந்தத் தீவை ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்தபோது மின்னி பே கடலோரம் இறங்கிய ரகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மெயின்லேண்டிலிருந்து பெட்டியாக வரவழைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து ஒட்டினான். விமானி பொம்மையின் கழுத்து, பெட்டி வந்த வழியிலேயே முறிந்திருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, இருக்கையைக் காலியாக விட்டுக் கூட்டை ஒட்டி மூடினான்.

பிளாஸ்டிக் பளபளப்பு போக அழுக்கேற்றுவது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். மற்றவர்கள் அதற்கென்று தூள் வாங்குவார்கள். இவனுக்கு அசல் வேண்டும். ஜப்பான்காரர்கள் கரையோரம் விட்டுப்போன கான்கிரீட் பங்கருக்குள் குனிந்து நுழைந்து, கறுத்த மண்ணை டப்பியில் அள்ளி வந்து இறக்கையிலும் இருக்கையிலும் தேய்த்திருந்தான். அன்றிலிருந்து வீட்டில் நனைந்த இரும்பு வாடை.

உள்ளே ஆவி என்றால் யாரோ கூட்டை நெம்பியிருக்க வேண்டும். சந்தேகம் மகள் மேல் விழுந்தது. சங்கவிக்கு ஆறு வயது. சிவப்புப் பாசிமணி கட்டிய அந்தக் கை சும்மா இருக்காது. மனைவி ரூபா ஹேவ்லாக் தீவில் டூட்டியில் இருக்கிறாள்; நாளைக் கப்பலில் அவள் வரும்வரை பிள்ளை இவன் பொறுப்பு.

“பாப்பா, பிளேனத் தொட்டியா?”

“இல்லப்பா. அந்த அங்கிள்தான் உள்ள எடம் இருக்கு, வா வான்னு கை காட்டுறாரு.”

“எந்த அங்கிள்?”

அவள் விமானத்தையே பார்த்தாள். பொய் சொல்லப் பழகிவிட்டாளே என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

“ஜூட் சொல்லாத, பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது. போய் உள்ள உக்காரு.”

அறையில் விட்டு, வெளியே தாழ் போட்டான்.

ஐந்தரைக்கே இருட்டியது. கரண்ட் போனது. தகரக் கூரையில் மழை கொட்ட, அதற்கடியில் ஏதோ ஓர் என்ஜின் கிளம்பத் தயங்கி, இருமி, மறுபடி இருமியது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் என்று நினைத்தான். சத்தம் மேஜையிலிருந்து வந்தது.

போன் வெளிச்சத்தை அடித்தான். பசை போட்டு ஒட்டிய விமான விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“சங்கவி?”

அறைக்கு ஓடினான். தாழ் போட்டபடியே இருந்தது. திறந்தான். ஜன்னல் கம்பி அப்படியே. கட்டிலில் சூடு. தலையணையில் கறுத்த மண்.

பிள்ளை இல்லை.

நான்தானே தாழ் போட்டேன்.

பின்னால் என்ஜின் பிடித்துக்கொண்டது. திரும்பினான். கூட்டின் ஆவியை உள்ளிருந்து ஒரு கை துடைத்தது. நெல்லை விடச் சின்னக் கை. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு.

அவளுக்குப் பின்னால், கழுத்து முறிந்து தொங்கிய ஒரு தலை மெல்ல நிமிர்ந்தது.