ஆறு மெழுகுவர்த்திகள்

அவள் வந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று ஜோனிக்கு இன்றும் நிச்சயமில்லை. மழை பெய்ததாக ஒரு ஞாபகம்; சான் டியேகோவில் மே மாதம் மழை ஏது? ஆனால் மரிசெலா அந்தக் கடிதத்தை துப்பறிவாளர் ப்ரூயிட்டின் மேசைமேல் வீசிய விதம் மட்டும் மறக்கவில்லை.

மரிசெலா, கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் கடலடியில் ஒலியை வைத்துத் துழாவும் சோனார் கருவிகளைச் சரிசெய்பவள். அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் அந்த வேலை இல்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டி இரண்டு முறை பிடிபட்டதையும் சிகிச்சைக்குப் போனதையும் விண்ணப்பத்தில் ஒன்றுவிடாமல் எழுதித்தான் அதை வாங்கியிருந்தாள். இப்போது அனுமதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். காரணம், பெயரில்லாத இந்தக் கடிதம்: 'மார்ச் ஒன்பதாம் தேதி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போய், தன் பிறந்தநாளை மதுக்கடையில் கொண்டாடினாள். தள்ளாடியபடி வெளியே வந்ததை நானே பார்த்தேன்.'

ஒரே ஒருமுறை தவறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இரக்கம் காட்டுவார்கள் என்று வக்கீல் சொன்னாராம்.

"குடிச்சதை ஒத்துக்கிட்டேன். குடிக்காததை எதுக்கு ஒத்துக்கணும்?" என்றாள் மரிசெலா.

கடற்படைப் புலனாய்வில் இருந்து ஓய்வுபெற்ற ப்ரூயிட் கடிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு, மார்ச் ஒன்பதாம் தேதி மாலை எங்கே இருந்தாள் என்று கேட்டார். தேவாலயக் கூடத்தில், நாற்பது பேருக்கு நடுவில், ஆறு மெழுகுவர்த்தி வைத்துக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாளாம். உதவியாளர் ஜோனி நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டாள். நாற்பது சாட்சிகள்!

"அங்க வர்றவங்க பேரை வெளியில சொல்றதில்ல. வேலையே போனாலும் சொல்ல மாட்டேன்," என்றாள் மரிசெலா.

ப்ரூயிட் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டு வாங்கினார். பிறந்த தேதி செப்டம்பர் இருபத்திரண்டு.

அவள் போனதும் ஜோனி சொன்னாள்: "கடிதத்துல இருக்கிற பிறந்தநாளே பொய், பாஸ்."

"அது பொய் இல்ல ஜோனி. தப்பு. எழுதின ஆளு அதை நெஜம்னு நம்பியிருக்கான்."

மரிசெலாவுக்கு ஆகாதவர்கள் மூவர். மணமுறிவுக்குப் பின்னும் கோபம் தணியாத முன்னாள் கணவன் எஸ்தெபான். அவளோடு தினமும் மோதும் மேற்பார்வையாளர் வெர்னன். ஜனவரியில் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த கர்ட். அவள் போனால் அந்த இடம் அவனுக்கு. வியாழன் மதியம் வெர்னனின் அறையில் மூவரையும் உட்காரவைத்து, ப்ரூயிட் ஆளுக்கொரு துண்டுத்தாளைக் கொடுத்தார். மரிசெலாவின் பிறந்தநாளை எழுதச் சொன்னார். சுவரில் சாய்ந்து நின்ற மரிசெலா யாரையும் பார்க்கவில்லை.

எஸ்தெபானும் வெர்னனும் செப்டம்பர் என்று எழுதியிருந்தார்கள். ஒருமுறை மறந்துபோய் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருப்பதாக எஸ்தெபான் முணுமுணுத்தான். கர்ட்டின் தாளில் மார்ச் ஒன்பது.

"அவளே சொன்னா. பிறந்தநாள்னு என்கிட்டதான் ஷிஃப்ட் மாத்திக்கிட்டா," என்றான் கர்ட்.

"சொன்னாங்க," என்றார் ப்ரூயிட். "இந்த ஊர்ல குடியை விட்டவங்க, பேரை வெளியில சொல்லாம தேவாலயக் கூடத்துல கூடுவாங்க. விட்ட நாளைத்தான் பிறந்தநாள்னு சொல்லுவாங்க. வருஷத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. ஷிஃப்ட் மாத்தினது எஸ்தெபானுக்குத் தெரியாது. வெர்னனுக்குத் தெரியும், ஆனா நெஜப் பிறந்தநாளும் தெரியும். ரெண்டையும் சேர்த்துத் தப்பா புரிஞ்சுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்."

கர்ட் தன் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"பிறந்தநாள்னா யார்தான் குடிக்க மாட்டாங்க?" என்றான்.

"நான்," என்றாள் மரிசெலா.

ஐந்து மாதத்தில் அவளுக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. பதில் மனுவின் முதல் வரியில், 'நான் குடிகாரி; ஆறு வருடமாகக் குடிக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். அதை நீக்கச் சொன்ன வக்கீலை மாற்றிவிட்டாள். பொய்ப் புகாருக்காகக் கர்ட்டின் அனுமதி போனது. அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். எஸ்தெபான் மறுமணம் செய்துகொண்டான். வெர்னன் இன்னும் அவளோடு சண்டை போடுகிறார். ஜோனி இப்போதும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறாள். அந்தப் 'பிறந்தநாள்' வழக்கம் ப்ரூயிட்டுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதில்லை. அவருடைய 'பிறந்தநாள்' எப்போது என்றும் கேட்டதில்லை.