விசிலக்காவின் முந்தானை

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது துப்பறிவாளர் விசாலாக்ஷியின் அலுவலகம். வந்த இசக்கிசெல்வி உட்காரவே இல்லை. கையில் இருந்த தாளை மேஜைமேல் ஓங்கி அறைந்தாள்.

"நான் வரைஞ்ச படத்தை நானே திருடினேன்னு இதுல கையெழுத்துப் போடணுமாம். அஞ்சு மணிக்குள்ள போடலைன்னா கோர்ட்ல கேஸாம். மெஷின், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் போலீஸ் தூக்கிட்டுப் போயிருச்சு. கடையை இழுத்து மூடிட்டு தென்காசிக்கே போகவா மேடம்?"

அவள் பள்ளுருத்தியில் டி-ஷர்ட்டுகளில் படம் அச்சிடுபவள். ஹார்பர் எலெவன் கால்பந்து கிளப்பின் ரசிகர்களுக்காக 'விசிலக்கா'வை வரைந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, வாயில் விசிலோடு பந்தை உதைக்கும் ஒருத்தி. ஒரே ஆட்டப் பருவத்தில் கேலரி முழுக்க விசிலக்காதான். கிளப்புக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அங்கே விற்பனை மேலாளராக இருக்கும் வெங்கிடராமன் அந்தப் படத்தைக் கிளப்பின் சின்னமாகப் பதிவு செய்துகொண்டு, வரைந்தவள் மேலேயே போலிச் சரக்கு என்று புகார் கொடுத்தார், இந்தத் தாளையும் அனுப்பினார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

விசாலாக்ஷி இருவரின் சட்டைகளையும் அருகருகே விரித்தாள். இசக்கிசெல்வியின் விசிலக்கா வலப்பக்கமாக உதைக்கிறாள். முந்தானை இடது தோளுக்குப் பின்னால் பறக்கிறது. கிளப்பின் விசிலக்கா இடப்பக்கமாக உதைக்கிறாள். முந்தானை வலது தோளுக்குப் பின்னால் பறக்கிறது. மற்றபடி ஒரு கோடுகூட மாறவில்லை.

"திசை வேறன்னு சொல்லியே தப்பிச்சிருவான் மேடம்," என்றார் வாசற்படியில் நின்ற ராமர். விசாலாக்ஷி போய்வரும் ஆட்டோ அவருடையது, துப்பறிவதில் ஆசையும் அவருக்குத்தான் அதிகம். "இப்பவே போய்ச் சட்டையைப் பிடிப்போம்."

"பொறுங்கோ ராமர். செல்வி, படத்தைத் துணியில எப்படி ஏத்துவாய்?"

"பேப்பர்ல இடம் வலமாத் திருப்பி அச்சடிப்பேன். அதைத் துணிமேல கவுத்து வெச்சு சூட்டுல அழுத்தினா நேரா விழும்."

"கிளப்லேர்ந்து யாரும் உன் கடைக்கு வந்ததுண்டா?"

"போன வருஷம் வெங்கிடராமன் சாரே வந்தார். சாம்பிள் வேணும்னு அச்சடிச்ச பேப்பர் ஒண்ணு வாங்கிட்டுப் போனார். ஆர்டர் வரல. இப்ப என்னைப் பார்த்ததே இல்லேங்கறார்."

விசாலாக்ஷி எழுந்தாள். "ராமர், கலூருக்கு, கிளப் ஆபீஸுக்கு விடுங்கோ."

கிளப் அலுவலகத்தில் வெங்கிடராமன் விசாலாக்ஷிக்குச் சாயா வரவழைத்தார். இசக்கிசெல்விக்கு நாற்காலிகூடக் காட்டவில்லை.

"எங்க டிசைனர் சொந்தமா வரைஞ்சதாக்கும். இவ கடை எங்கேன்னே எனக்கு அறியாது," என்றார்.

"உங்க விசிலக்கா எதுக்கு வலது தோள்ல முந்தானை போட்டுண்டிருக்கா?"

அவர் படத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார். "மட்டாஞ்சேரியில குஜராத்திகள் உண்டில்லையா? அவா கட்டற மாதிரி. வேணும்னே வெச்சது."

"குஜராத்திப் பெண்கள் முந்தானையை முதுகிலேர்ந்து கொண்டுவந்து வலது தோள் வழியா முன்னாடி விடுவா. இதுல முன்னாடியிலேர்ந்து முதுகுக்குப் போறது. அந்தத் தெருவுல யாரும் இப்படிக் கட்டறதில்லை. இப்படி இருக்கறது செல்வி இடம் வலமாத் திருப்பி அச்சடிக்கற பேப்பர்ல மட்டுந்தான். நீங்க வாங்கிண்டு போன பேப்பரைப் பார்த்து உங்க டிசைனர் அப்படியே வரைஞ்சிருக்கார். புடவை கட்டற ஒருத்தியைக் கேட்டிருந்தா, படம் திரும்பியிருக்குன்னு அப்பவே சொல்லியிருப்பா."

"இவதான் எங்களோடதைத் திருப்பி அடிச்சிருக்கணும்."

"அப்போ புடவையை முதல்ல இப்படி வரைஞ்ச டிசைனரைக் கூப்பிடுங்கோ. ஏன்னு அவர் வாயாலேயே கேட்டுடலாம்."

வெங்கிடராமன் போனை எடுத்தார். யாரையும் அழைக்காமல் கீழே வைத்தார்.

"சரி, புகாரை வாபஸ் வாங்கிக்கறோம். வேணும்னா இந்தப் படத்தை அச்சடிக்க இவளுக்கு லைசென்ஸும் தர்றோம்."

இசக்கிசெல்வி அவர் மேஜையருகே வந்து நின்றாள்.

"நான் பெத்ததை நான் தூக்க நீ அனுமதி தர்றியா? பதிவை என் பேருக்கு மாத்து. அதுவரை உங்க சட்டை எதுலயும் அவ இருக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை மேட்ச். பதினோரு பேர் சட்டையிலும் இதுதான் இருக்கு."

"அப்ப சட்டை இல்லாம ஆடச் சொல்லு."