கண்ணாடிக்கு வெளியே கால்கள்

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோதுதான் செருப்புக்கடைக்காரி கவனித்தாள்: வெளியே ஒரு கால்கூட நகரவில்லை.

பழைய நகரின் நடுவே, வண்டி வாகனம் நுழையாத கடைத்தெருவில், ஒரு பழங்கட்டடத்தின் நிலவறையில் இருந்தது அவள் கடை. கூரையை ஒட்டிய நீள ஜன்னலில் போவோர் வருவோரின் கணுக்கால்கள் மட்டும்தான் தெரியும். கல் பாவிய தரையில் அவை தேய்ந்தும் தட்டியும் துள்ளியும் போகிற ஓசை, தோல் வாடையோடும் பசை நெடியோடும் கலந்து, நாள் முழுக்க அவள் தலைக்குள் மழைபோலப் பெய்துகொண்டிருக்கும். கணவன் போனதிலிருந்து அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை. மரத்துப்போயிருந்தாள்.

இப்போது அந்த மழை நின்றிருந்தது. ஜன்னல் நிறையக் கால்கள். பூட்ஸ், செருப்பு, வெறுங்கால் என்று நெருக்கியடித்து நின்றன. எல்லா விரல்நுனிகளும் கடையைப் பார்த்தபடி.

பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. என்ன கூத்து இது என்று மட்டும் நினைத்தாள். கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, கிளாஸ் முடிஞ்சுது. ஏம்மா, இன்னிக்குத் தெருவே வெறிச்சோடிக் கிடக்கு? ஈ காக்கா இல்ல."

"எங்கடி இருக்க?"

"இதோ, உன் ஜன்னல்கிட்டதான்."

கால்களுக்கு நடுவே, போன வாரம் அவளே அளவு பார்த்து மாட்டிவிட்ட சிவப்பு ஷூக்கள் வந்து நின்றன.

"குட்டிமா, ஓடிடு."

குரல் எழும்பவில்லை. காற்றுதான் வந்தது.

"என்னம்மா? கேக்கல."

கண்ணாடியருகே நின்ற கால்கள் திரும்பின. ஒன்றாக. ஓசையில்லாமல். சிவப்பு ஷூக்களைப் பார்த்து. ஷூக்களுக்குப் பின்னால் நின்றவை திரும்பத் தேவையிருக்கவில்லை.

படியேறிக் கதவைத் தள்ளினாள். வெளியே ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. தோளால் இடித்தாள். அசையவில்லை. நகம் பிய்ந்தது. வலிக்கவில்லை.

"அம்மா..."

திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

சிவப்பு ஷூக்களின் குதி தரையைவிட்டு எழுந்தது. பிறகு நுனி. மெல்ல, மெல்ல, கண்ணாடியின் மேல்விளிம்புக்கு அப்பால் போயின.

அவிழ்ந்த லேஸ் ஒன்று மட்டும் சற்று நேரம் தொங்கி ஆடியது.

அதுவும் மேலே இழுபட்டது.